வசைச்சொல்லே வாதமாக: ஜய்பால் சிங்கின் ஓர் உரை

அரசியற் பேச்சினைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் நம்மிடையே இன்னுந் தயக்கம் உண்டு. செய்யுளில் அணிகளைத் துருவித் தேடும் நாம், பேச்சிலே அவற்றைக் காணின் ஆரவாரமென ஒதுக்கிவிடுகிறோம். 1946ஆம் ஆண்டு டிசெம்பர் 19ஆம் திகதி, இந்திய அரசியல் நிர்ணய சபையில் நேருவின் குறிக்கோள் தீர்மானத்தின் மீது ஜய்பால் சிங் ஆற்றிய உரை அத்தயக்கத்தைப் போக்கவல்லது.

அவர் சோட்டா நாகபுரியின் முண்டா இனத்தவர், ஒக்ஸ்போர்டிற் கற்றவர், 1928இல் அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹொக்கி அணிக்குத் தலைமை தாங்கியவர். இத்தகையவர் எழுந்து, காட்டான் எனப் பொருள்படும் 'ஜங்கிலி' என்னும் பெயராலேயே தம்மைச் சுட்டி, அப்பெயரிற் பெருமை கொள்வதாகக் கூறினார். சிறிது நேரத்தில் அச்சொல் மீண்டும் வருகின்றது. ஜங்கிலியாகிய தாம் தீர்மானத்தின் சட்ட நுணுக்கங்களை விளங்கிக்கொள்வாரென எவரும் எதிர்பாரார் என்கிறார். முதன்முறை பெருமிதமாக நின்ற சொல் இம்முறை பொறியாகிவிடுகின்றது. வஞ்சப்புகழ்ச்சி என நம் அணிநூலார் கூறுவது இதற்கு முற்றும் பொருந்தாது. இங்கு பேசுவோன் தன்னைத் தாழ்த்துகிறான், தாழ்வது அவையே. பழங்குடியினருக்கு ஜனநாயகத்தை நீங்கள் கற்பிக்க முடியாது, அவர்களிடமே நீங்கள் அதனைக் கற்கவேண்டும் என்ற புகழ்பெற்ற கூற்று இதன் பின்னரே வருகின்றது. அறியாதவன் என்ற வேடத்தை முதலிற் பூண்டமையாலேயே ஆசான் மாணாக்கன் நிலைமாற்றம் அத்துணை கூர்மையாகத் தைக்கின்றது.

உரையின் நலிந்த பகுதியையும் சொல்லியாகவேண்டும். சிந்துவெளி நாகரிகத்தின் வழித்தோன்றலெனத் தம்மைக் கூறி, ஆறாயிரம் ஆண்டுப் புறக்கணிப்பைப் பேசி, அவையோருட் பெரும்பாலோரை வந்தேறிகள் என்கிறார். சிந்துவெளி எழுத்து இன்றுவரை ஐயமற வாசிக்கப்படவில்லை. அந்நாகரிகத்தின் செழுமைக்காலமும் ஏறத்தாழ கி.மு. 2600 தொடக்கம் 1900 வரையானதே. மேடைக்கு இவ்வளவு மிகை தகும் என்பாருளர். நமக்கு அது உடன்பாடன்று. நிலம் பறிக்கப்பட்டவன் நீதி கேட்பதற்கு முதற்குடி என்ற தொன்மைச் சான்று வேண்டியதில்லை. வேண்டாத தூணொன்றில் அவர் தம் பாரத்தைச் சாய்த்துவிட்டார்.

ஆயின் உரையின் உச்சம் வேறிடத்தில் உள்ளது. தம் மக்களின் வரலாறு முழுவதும் இடையறாத சுரண்டலும் நிலப்பறிப்புமே; இடையிடையே கிளர்ச்சிகள் குறுக்கிட்டன; இருப்பினும் நேருவின் வாக்கை நம்பி ஏற்கிறேன் என்கிறார். இவ்வாக்கியம் முழுவதும் 'இருப்பினும்' என்ற ஒரு சொல்லிலே சுழல்கின்றது. முற்பகுதியில் நம்பிக்கைக்கு ஏதுவாக எதுவுமில்லை. ஆகவே நம்பிக்கை இங்கு முடிபாகப் பெறப்படவில்லை, கொடுக்கப்படுகின்றது. அவையறியக் கொடுக்கப்பட்ட நம்பிக்கை வாங்கியவரைக் கடனாளியாக்குகின்றது. சபைக் குறிப்பேட்டிற் பதிவான கடன் அது. தம் மக்களுக்கு வேண்டியது அமைச்சர்களிடமிருந்தே பாதுகாப்பு என்று அவ்வுரையிலேயே அவர் கூறியதையும் இதனோடு சேர்த்துப் படித்தல் வேண்டும்.

பின்னர் அதே சபையில் மற்றொரு சொற்போர் நிகழ்ந்தது. மொழிபெயர்ப்பாளர் பழங்குடியினரைக் குறிக்க 'பனஜாதி' என்ற சொல்லை ஆண்டபோது, அது இழிசொல் எனக் கூறி, 'ஆதிவாசி' என்பதே வேண்டுமென வாதிட்டார். எம்மவருட் பெரும்பாலோர் காட்டில் வாழ்வோர் அல்லர் என்பது அன்று அவர் காட்டிய நியாயம். 'ஜங்கிலி'யைத் தாமே சூடிக்கொண்டவர், சட்டம் சூட்டவந்த காட்டுப்பெயரை மறுத்தார். இதனை முரண்பாடென்பார் முன்னைய உரையைச் சரிவரப் படித்திலர். இந்தி வாசகத்தில் ஈற்றில் இடம்பெற்றது 'அனுசூசித் ஜன்ஜாதி' என்னும் தொடர். 'பனம்' நீங்கிற்று, 'ஆதி' வரவில்லை.