நியூட்ரல் வெறுங்கம்பியா?

"நியூட்ரல் கம்பியில் மின்னோட்டம் இல்லை, தொட்டாலும் ஆபத்தில்லை." மாணவர் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் நான் காணும் விளக்கம் இது. இதில் பாதியே உண்மை. மீதி உயிருக்கு ஆபத்தானது.

கருமத்தம்பட்டியின் விசைத்தறிக் கூடமொன்றை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள மும்முனை மோட்டார் மூன்று முனைகளிலிருந்தும் சம அளவு மின்னோட்டம் பெறுகிறது. அவற்றின் கூட்டுத்தொகை எக்கணமும் சுழியே. ஆகவே மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை.

வீடுகளின் நிலை வேறு. பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு முனையும் நியூட்ரலுமே வருகின்றன. மூன்று முனைகளிலும் மின்சுமை சமமாக அமைவதில்லை. சமன்படாத மின்னோட்டம் நியூட்ரல் வழியே மின்மாற்றிக்குத் திரும்புகிறது.

தெருவில் அக்கம்பி அறுந்தால்? ஒரு முனையில் 100 வாட் குமிழ் விளக்கும், மற்றொன்றில் 1,000 வாட் நீர்ச்சூடேற்றியும் மட்டும் இயங்குவதாகக் கொள்வோம். இரண்டும் 400 வோல்ட்டுக்கிடையே தொடரிணைப்பாகிவிடும். அவற்றின் மின்தடைகள் 529 ஓம், 52.9 ஓம். இவை மாறாதெனக் கொண்டால், 230 வோல்ட் விளக்கு ஏறத்தாழ 364 வோல்ட்டைத் தாங்க வேண்டும், அது கருகிவிடும். சூடேற்றிக்குக் கிடைப்பதோ 36 வோல்ட்தான்!

வீட்டினுள் நியூட்ரல் அறுந்தால் விளக்கு அணையும். ஆயினும் விளக்கை ஒட்டிய துண்டில் 230 வோல்ட் காத்திருக்கும். 'மின்சாரம் இல்லை' என நம்பித் தொடுபவர் உயிரிழக்கலாம். இதனாற்றான் 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 32ஆவது விதி, நியூட்ரலில் தனி ஃபியூஸ் வைப்பதைத் தடுத்தது.

இனி 'மின்னோட்டம் இல்லை' என்று எழுதுமுன், 'சமச்சுமையில்' என்ற ஒரு சொல்லைச் சேருங்கள். 'ஆபத்தில்லை' என்பதை அடித்துவிடுங்கள்.