தலைமையாசிரியர் தந்த பாடம்

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படுபவர் சங்கரதாசு சுவாமிகள் (1867–1922). அவருடைய பாடல்களைப் புகழ்ந்தோர் பலர். அவர் மாணவரைப் பயிற்றிய முறையை ஆராய்ந்தோர் சிலரே. ஆசிரியத் தொழில் பூண்ட நமக்கோ அம்முறையே முதற்கண் எண்ணத்தக்கது.

அக்காலத்தே பெரியவர்கள் நடித்த நாடகங்களில் கட்டுப்பாடு குன்றியிருந்தது. ஆசிரியர் எழுதியது ஒன்று. அரங்கில் கேட்டது வேறொன்று. வள்ளியும் வேலனும் கதையை மறந்து, ஒருவரையொருவர் வாதில் வெல்லவே முனைந்தனர். இதனைப் பொறாத சுவாமிகள் சிறுவர்பால் நம்பிக்கை வைத்தார். 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபைக்கு ஆசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டில் அங்குச் சேர்ந்தவர்களுள் ஒருவர், ஆறு வயதே நிரம்பிய தி. க. சண்முகம்.

பாலர் சபையில் பயிற்சி என்பது ஒரு மணி நேரப் பாடமன்று. வாழ்க்கை முழுவதுமே பாடம். உண்பதும் உறங்குவதும் கம்பெனி வீட்டில். பகலில் ஒத்திகை, இரவில் நாடகம். ஆசிரியர் வெண்பாவையும் விருத்தத்தையும் வசனத்தையும் சொல்லிக் கொடுப்பார். சிறுவர் திருப்பிச் சொல்லி நெட்டுருச் செய்வர். சொல் பிழைத்தல் ஆகாது. சீர் குலைதல் ஆகாது.

இதனை வெறும் நெட்டுருக் கல்வி என்று தள்ளிவிடலாமா? ஆகாது. சொல்லை முற்றும் தனதாக்கிக் கொண்டவனுக்கே அதன் பொருளை உணர்ந்து நடிக்கும் ஓய்வு கிட்டும். சண்முகம் பின்னாளில் ஔவையாராக நடித்து, அப்பெயரையே அடைமொழியாகப் பெற்றமை இதற்குச் சான்று. மேலும், சுவாமிகள் மாணவரிடம் உழைப்பை வாங்கியவர் மட்டும் அல்லர். சிறுவனாகிய சண்முகத்தின் பொருட்டு ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். மாணவன் உறங்க, ஆசிரியர் விழித்திருந்தார்! கடுமைக்குத் தகுதி தருவது இவ்வுழைப்பே.

எனினும் குறையை மறைத்தல் திறனாய்வு ஆகாது. பல பாலர் சபைகளில் பிரம்பும் ஓர் ஆசிரியராக விளங்கியது. பள்ளிக் கல்வி பலருக்குக் கிட்டவில்லை. எல்லாவற்றினும் கொடியது மகரக்கட்டு. குரல் உடையும் பருவம் வந்ததும், நேற்றுவரை அரசனாகப் பாடிய சிறுவன் இன்று வேடமின்றித் திரைக்குப் பின்னே நின்றான். குரலைப் பழக்கிய பயிற்சி, குரல் போனபின் அவனுக்கு என்ன வழி காட்டியது? பெரும்பாலார்க்கு ஒன்றும் இல்லை. வென்ற சிலரின் புகழைக் கொண்டு அம்முறை முழுவதையும் மதிப்பிடுதல் நேர்மை ஆகாது.

பள்ளி விழாவுக்கு நாடகம் பயிற்றும் ஆசிரியர்கள் இங்கும் உளர். திருத்தமான உச்சரிப்பையும், ஆசிரியன் சொல்லுக்குக் காட்டும் மதிப்பையும் சுவாமிகளிடம் நாம் கற்போமாக. மேடையைவிட மாணவன் பெரியவன் என்பதை, அக்காலப் பாலர் சபைகளின் குறையிலிருந்து கற்போமாக.