'நாம்' என்பதன் விலை

நிறுவனத் தலைவர்களின் சுயமோகம் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒழுக்கப் பேச்சாகவே முடிந்துபோகிறது: 'ஆள் தலைக்கனம் பிடிச்சவன், அதான் கம்பெனி கவிழ்ந்தது.' இந்த வாசிப்பு எனக்குப் போதவில்லை.

அரிஜித் சாட்டர்ஜியும் டொனால்ட் ஹாம்ப்ரிக்கும் கணினித் துறையின் 111 தலைமை அதிகாரிகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உளவியல் சோதனை எதுவும் வைக்கவில்லை, பிரதிகளை வாசித்தார்கள். ஆண்டறிக்கையில் தலைவரின் படம் எவ்வளவு பெரிது, பேட்டியில் 'நான்' எத்தனை முறை, இரண்டாம் நிலை அதிகாரியைவிடச் சம்பளம் எத்தனை மடங்கு என்று. நம்மாட்கள் நாவலுக்குச் செய்கிற வேலைதான். சுயமோகிகளின் நிறுவனங்கள் பிற கம்பெனிகளை அதிகம் வாங்குகின்றன, பாதையை அடிக்கடி மாற்றுகின்றன, உச்சத்துக்கும் பாதாளத்துக்குமாக ஊசலாடுகின்றன. ஆனால் சராசரியில் மேலுமில்லை, கீழுமில்லை என்பது முடிவு.

இந்தச் 'சராசரி'யைத்தான் கட்டுடைக்க வேண்டும். ஏற்றம் யாருக்கு, இறக்கம் யாருக்கு?

அமெரிக்காவின் வீவொர்க்கை எடுத்துக்கொள்வோம். 'வீ' என்ற சொல்லின் வணிக உரிமையைத் தலைவர் ஆடம் நியூமனும் சக நிறுவனரும் நடத்திய தனி அமைப்பிடமிருந்து கம்பெனி 59 லட்சம் டாலர் மதிப்புக்குப் பெற்றது. 2019இல் கண்டனம் எழுந்த பிறகே அது திருப்பித் தரப்பட்டது. தன்மைப் பன்மை ஒருமையின் சொத்தாகிவிட்ட இலக்கணம் இது. அந்தச் செப்டம்பரில் நியூமன் பதவி விலகினார். ஆலோசனைக் கட்டணமாக மட்டும் 18.5 கோடி டாலர் தர சாஃப்ட்பேங்க் ஒப்புக்கொண்டது. நவம்பரில் சுமார் 2400 தொழிலாளர்கள் வெளியே. 2023 நவம்பரில் கம்பெனி திவால் மனு கொடுத்தது.

சரி, இதெல்லாம் ஒரு தனிமனிதனின் நோயா? சுயமோகிக்குக் கண்ணாடி வேண்டும். அதை யாரோ பிடிக்க வேண்டும். 2018இல் 160 கோடி டாலருக்கும் மேல் நட்டம் காட்டிய கம்பெனிக்கு 2019 ஜனவரியில் 4700 கோடி மதிப்புப் போட்டது முதலீடு. அவர் கையிலிருந்த சிறப்புப் பங்கு ஒவ்வொன்றுக்கும் 20 வாக்கு என்று எழுதிவைத்தது சட்ட ஆவணம். மூலதனம் தன் ஆசையையே அவர் முகத்தில் பார்த்தது. ஆசை கலைந்ததும் முகத்துக்கு நோய் என்று பெயர் சூட்டியது. நோயைப் பற்றி மட்டும் பேசினால் கண்ணாடி பிடித்த கை தப்பித்துவிடுகிறது.

ஆங்கிலத்தின் 'வீ'க்குள் நாமும் உண்டு, நாங்களும் உண்டு. கேட்பவரையும் உளப்படுத்துகிற 'நாம்' வேறு, அவரை வெளியே நிறுத்துகிற 'நாங்கள்' வேறு என்பது தமிழில் பேசுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். லாபம் வரும்வரை தொழிலாளியிடம் 'நாம்' என்று பேசுகிறார்கள், பங்கு பிரிக்கும்போது அது 'நாங்கள்' ஆகிவிடுகிறது. இயக்கங்களும் சிறுபத்திரிகைகளும் தங்கள் அறிக்கைகளில் இந்த இரண்டையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.