“என்னாடா, மோட்டார்ல காயில் எரியுதா?”

அம்மா கேட்டுக்கொண்டே கொல்லைப்பக்கம் ஓடினாள். இரவு ஒன்பதரை மணி. மோட்டார் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கத்தியது என் ஸ்பீக்கர். 1969-ல் அகமதாபாத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் ஒலிநாடாவையும் மோக் சின்தசைசரையும் ஒன்றோடொன்று மோதவிட்டு எழுப்பிய கூச்சல், ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் அம்மாவை டார்ச்சோடு ஓடவைத்துவிட்டது. இதைவிடப் பெரிய விருது ஓர் இசைத்தொகுப்புக்குக் கிடைத்துவிடுமா என்ன!

தொகுப்பின் பெயர் ‘தி என்ஐடி டேப்ஸ்’. 2023-ல் வெளிவந்தது. கேட்ட நாள் முதல் பார்க்கிறவர்களையெல்லாம் பிடித்து இதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். டீக்கடையில் என்னைக் கண்டால் பாதிப்பேர் எழுந்துவிடுகிறார்கள். உங்களால் அப்படி எழுந்து போக முடியாது, அதனால் எழுதுகிறேன்.

உத்திரமேரூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வைகுண்டப் பெருமாள் கோயிலும், அதில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டும்தான். எனக்கு இந்த ஊர் காது வழியாகத்தான் ஏறியது. குவாரியில் மதியம் வெடி வைத்தால் முதலில் ஜன்னல் கம்பி அதிரும், அப்புறம்தான் சத்தம் வந்து சேரும். ஜல்லி உடைக்கும் கிரஷரின் அரைப்பு, போர் போடும் வண்டி பாறையைத் தொடும்போது மாறுகிற சுருதி, பக்கத்துத் தெருத் தறியின் கட்டக்-கடக், ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிய ராத்திரி ஆயிரம் தவளை ஒன்றாகப் போடும் கச்சேரி. கிரஷர் தூசியால் துவைத்த துணி வெளுத்துப் போகிறது என்று ஊரே திட்டும், நானும் சேர்ந்துதான் திட்டுவேன். ஆனால் அந்தச் சத்தத்தை மட்டும் ரகசியமாக ரசிப்பேன்.

அதிலும் ஆடி மாதம். அம்மன் கோயிலில் மைக்செட் கட்டியதும், “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று ஆரம்பிப்பதற்குள் கீய்ய்ய் என்று ஒரு கூவல் கிளம்புமே, அதை மைக்செட்காரர்கள் ஹவுலிங் என்பார்கள். புனலில் வரும் சத்தத்தை மைக் மறுபடி பிடிக்கிறது, ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கிப் புனலுக்கே அனுப்புகிறது, அதையும் மைக் பிடிக்கிறது. இந்தச் சுற்று வட்டம்தான் கணத்தில் கூவலாக முற்றுகிறது. எல்லோரும் காதைப் பொத்துவார்கள். மைக்செட்காரர் பாய்ந்து வந்து வால்யூமைக் குறைப்பார். டியூடர் குறைக்கவில்லை. அவருக்கு அந்த வட்டமே வாத்தியம். அதைப் பழக்கி, வளைத்து, சீண்டி, முனகவிட்டு, அலறவிட்டு விளையாடுகிறார். நான் எட்டு வயதில் கோயில் வாசலில் நின்று ஆசைப்பட்டது இதற்குத்தான் என்று இந்த வயதில்தான் தெரிகிறது.

இதில் ஒரு வேடிக்கை. இசையமைப்பாளர் ஜான் கேஜின் ‘4 நிமிடம் 33 விநாடி’யை 1952-ல் முதன்முதலாக மேடையேற்றிய பியானோ கலைஞர் இதே டியூடர்தான். பியானோ முன்னால் உட்கார்ந்து ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் எழுந்து வந்த மனிதர்! மௌனத்தின் அந்தப் பூசாரிதான் நம் நாட்டுக்கு இந்த இரைச்சலைக் கொண்டுவந்திருக்கிறார்.

அவரை இங்கே கூட்டி வந்ததற்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாயை நமக்குத் தெரியும். அவருடைய தங்கை கீதா சாராபாய் 1946-ல் நியூயார்க் போனார். மேற்கத்திய இசையை கேஜிடம் கற்றுக்கொண்டார், பதிலுக்கு நம் இசையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். காசு கைமாறவில்லை, பாடத்துக்குப் பாடம். இன்னொரு அண்ணன் கௌதமும் இன்னொரு தங்கை கீராவும் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை 1961-ல் உருவாக்கியவர்கள். அந்த என்ஐடிக்குத்தான் 1969-ல் மோக் வந்து இறங்கியது. அதன் முகப்பெல்லாம் திருகு குமிழ்கள், துளைகள். துளைக்குத் துளை ஒயர் சொருகி இணைத்தால்தான் ஓசை வரும். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பார்த்தவர்களுக்குப் புரியும். சுருதி, தாளம், ராகம் எதுவும் அதற்குள் தயாராக இல்லை. கரண்ட் மட்டும் இருக்கிறது, மற்றதை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

மோக்கை வைத்து 1972 வரை அங்கே ஒரு ஸ்டூடியோ நடந்தது. அப்புறம் நாடாக்கள் அலமாரிக்குள் போய்விட்டன. லண்டனில் இருக்கும் பால் பர்கஸ் என்ற கலைஞர் நிறுவனத்தின் ஆவணங்களில் தேடி 27 ரீல்களைக் கண்டெடுத்தார். அதிலிருந்து தொகுத்ததுதான் இது. இளையராஜாவின் ‘அன்னக்கிளி’ 1976-ல் வந்தது. அதற்கும் முன்னால் இந்த நாட்டில் இப்படி ஒரு கூட்டம் ஒயர் சொருகிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

அம்மா ஓடிய மறுநாள் ஹெட்போனோடு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். கரண்ட் கட். சுற்றிலும் கும்மிருட்டு. அந்த ஸ்டூடியோவில் இசை செய்தவர்களில் ஒருவரான எஸ்.சி. சர்மாவின் ‘ஆஃப்டர் தி வார்’ ஓடியது. போருக்குப் பிறகு என்று பெயர் வைத்தவர் என்ன நினைத்தாரோ, எனக்கு ஒரு காலி மைதானம் தெரிந்தது. இருட்டே உறுமுவது போல ஒரு ஒலி அடிவயிற்றில் பரவுகிறது, அதன்மேல் எங்கோ ஏதோ கீறுகிறது. பயமாக இருந்தது. நிறுத்தவும் மனம் வரவில்லை. அதே சர்மா ‘டான்ஸ் மியூசிக்’ என்று வேறொன்று செய்திருக்கிறார் பாருங்கள், மின் துடிப்பு சொன்னதையே சொல்லிக்கொண்டு போகிறது. எனக்குக் காலில் தறிமிதி ஞாபகம் வந்து பாதம் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது.

ஐ.எஸ். மாத்தூரின் ‘மை பேர்ட்ஸ்’ வந்தபோது ஹெட்போனைக் கழற்றிவிட்டேன், நிஜப் பறவையா என்று பார்க்க. எங்களுக்கு வேடந்தாங்கல் தூரமில்லை. மார்கழிச் சாயங்காலத்தில் மரம் முழுக்க நாரையும் கொக்கும் அடைகிற நேரத்தின் அமளி எனக்கு அத்துப்படி. மாத்தூரின் பறவைகளுக்கு இறகு கிடையாது, கரண்டில் பொரித்த குஞ்சுகள். இருந்தாலும் அவற்றுக்கும் ஒரு அடைகிற நேரம் இருப்பதாகவே தோன்றியது. ஜின்ராஜ் ஜோஷிபுராவின் ‘ஸ்பேஸ் லைனர் 2001’-ஐ விண்மீன்களுக்குக் கீழே படுத்துக்கொண்டு கேட்டேன். அதை வர்ணிக்க மாட்டேன், மாடிக்குப் போங்கள்.

எல்லாமே உச்சம் என்று சொல்லமாட்டேன். சில துண்டுகள் குமிழைத் திருகினால் என்ன வரும் என்று பார்த்த பயிற்சிகள்தான், தொடங்குவதற்குள் முடிந்துவிடுகின்றன. எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது. முதன்முதலாக சைக்கிள் மிதிக்கிற பிள்ளையை யாராவது குறை சொல்வார்களா?

இந்த ருசிக்கு என்னை முதலில் பழக்கியது டோக்கியோவின் மாசாமி அகிதா. மெர்ஸ்போ என்ற பெயரில் 1979 முதல் இரைச்சலை மட்டுமே இசையாகச் செய்கிறவர். 1996-ல் வந்த அவருடைய ‘பல்ஸ் டீமன்’ கிரஷருக்குள் தலையைக் கொடுத்த மாதிரி இருக்கும். அப்புறம் லஸ்ட்மோர்ட் என்ற இசைக்கலைஞரின் ‘ஹெரசி’, 1990. குகையும் நிலவறையும் மூச்சு விடுகிற இருட்டு அது. இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் நான் விருந்தாளி. என்ஐடி நாடாக்களில் மாத்தூர் ஒரு துண்டுக்கு ‘ஒன்ஸ் ஐ பிளேய்ட் எ தான்புரா’ என்று பெயர் வைத்திருப்பதைப் பார்த்ததும் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற உணர்வு வந்துவிட்டது. மீட்டிய தம்புராவை விட்டு அந்த மனிதர் எவ்வளவு தூரம் நடந்துபோயிருக்கிறார்!

அம்மாவிடம் ஒருநாள் ஹெட்போனைக் கொடுத்தேன். கீதா சாராபாயின் துண்டு. இரண்டு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டாள். “ரைஸ் மில்லு தூரத்துல ஓடற மாதிரி கீது. இதுக்கா இவ்ளோ ஆட்டம்?” என்றாள். கழற்றித் தரவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். துண்டு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நீங்களும் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், அடித்தள உறுமல் அதில் எட்டிக்கூடப் பார்க்காது. நல்ல ஹெட்போன், ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தை முதலில் கொஞ்சமாக வையுங்கள். ஆரம்பிக்க ‘டான்ஸ் மியூசிக்’ சரி. டியூடரைக் கடைசியில் ஸ்பீக்கரில் போடுங்கள். போடுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது என்று.