மலையில் நிலம், சமவெளியில் வாடகை வீடு

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் நிலத்தைச் சட்டம் எவ்வாறு காக்கிறது, அதே மக்கள் மலையிறங்கிப் போளூரிலோ வேலூரிலோ வாடகைக்கு வீடு தேடும்போது அச்சட்டம் எவ்வளவு தூரம் துணை வருகிறது என்னும் இரண்டு வினாக்களையும் ஒருங்கே எழுப்பினால்தான், குடியிருப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் இந்தியச் சட்டங்களின் வலிமையும் ஓட்டையும் ரியல் எஸ்டேட் தொழில் பயிலும் மாணவருக்கு விளங்கும்.

முதல் வினாவில் ஒரு முரண் தென்படுவது இயல்பு. பழங்குடியினரின் நிலத்தைப் பிறருக்கு விற்கலாகாது என்பது, வாங்க வருபவரைப் பிறப்பைக் கொண்டு விலக்குவதாகத் தோன்றலாம். ஆனால், நாட்டின் எப்பகுதியிலும் குடியேறும் உரிமையைத் தரும் அரசமைப்பின் 19ஆம் உறுப்பே, அதன் ஐந்தாம் உட்பிரிவில், பட்டியல் பழங்குடியினரின் நலன் காக்க அவ்வுரிமைக்கு நியாயமான வரம்பு விதிக்கலாம் என்கிறது. வட்டிக்கும் ஏமாற்றுக்கும் நிலத்தை இழந்த ஒரு மக்களுக்குச் சம வாய்ப்பு என்ற பெயரில் சந்தையைத் திறந்துவிடுவது சமத்துவம் ஆகாது என்பதால், இவ்விதி பாகுபாட்டுத் தடையின் மறுபக்கமே.

கொள்கை இவ்வளவு தெளிவாக இருந்தும் தமிழ்நாட்டில் அதன் அடித்தளம் மெலிந்திருக்கிறது. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாகப் பாதுகாப்புத் தரும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் இம்மாநிலத்தின் எப்பகுதியும் இடம்பெறவில்லை. ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதிகளில் 1959ஆம் ஆண்டின் நிலமாற்ற ஒழுங்குவிதி 1970இல் கடுமையாக்கப்பட்டுப் பழங்குடியல்லாதாருக்கு நிலம் கைமாறுவதையே தடுத்திருக்க, இங்கோ வருவாய் நிலையாணைகளும் ஒப்படைப் பட்டாவின் நிபந்தனைகளுமே பெரும்பாலும் அப்பணியைச் செய்கின்றன. நிர்வாக ஆணைக்குச் சட்டமன்றச் சட்டத்தின் உறுதி இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இக்குறையைப் பகுதியளவு ஈடுசெய்கிறது. அதன்படி கிடைக்கும் உரிமை வாரிசுகளுக்குச் செல்லும். விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ இயலாது. மணமானவராயின் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும். பெண்ணின் பெயரையும் கட்டாயமாக்கியது இச்சட்டத்தின் தனிச்சிறப்பு. எனினும் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரம் வழங்குவது பல ஆண்டுகள் முடங்கியது. கைமாற்ற முடியாத நிலத்தை ஈடு காட்டி வீடு கட்டக் கடன் பெறுவதும் அரிது. நிலமே பறிபோவதோடு ஒப்பிட்டால் இவ்விலை கொடுக்கத்தக்கதுதான். ஆனால் அதைச் சுமப்பவர் பழங்குடியினரே என்பதால், அரசு தன் வீட்டுவசதித் திட்டங்களால் அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டுள்ளது.

இரண்டாம் வினாவில் சட்டம் இன்னும் தளர்கிறது. அரசமைப்பின் 15ஆம் உறுப்பின் முதற்பிரிவு அரசைக் கட்டுப்படுத்துகிறதே ஒழியத் தனி வீட்டு உரிமையாளரை அன்று. குடியிருப்பு கட்டுவதையும் வாங்குவதையும் அதில் குடியேறுவதையும் தடுப்பதைக் குற்றமாக்கும் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமோ தீண்டாமையை அடிப்படையாகக் கொண்டது; 'மலைக்காரர்' என்று ஒதுக்கப்படுபவருக்கு அது எளிதில் பொருந்தாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், வணிகத் தொடர்பை மறுக்கும் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியிருப்பதால், வாடகை மறுப்பையும் அதற்குள் கொணர வாதிட இடமுண்டு. ஆயினும் குற்றவியல் வழக்கில் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். "வீடு ஏற்கெனவே முடிந்துவிட்டது" என்ற ஒற்றை விடையே அவ்வழக்கைச் சாய்த்துவிடும். 2005இல் ஜொராஸ்ட்ரிய கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற துணைவிதியை உச்ச நீதிமன்றம் ஏற்றது, தனியார் விலக்கலுக்கு மேலும் துணிவூட்டியது.

இங்கேதான் அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டத்தோடு ஒப்பீடு பயன்படுகிறது. அது குடிமையியல் இழப்பீட்டை முதன்மையாக்கியது. தரகரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தியது. வீடு தேடுபவர்போல் சென்று மறுப்பைச் சோதித்தறிபவருக்கும் வழக்குத் தொடரும் தகுதியுண்டு என்று 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றதால், மறைமுக மறுப்புக்கும் சான்று கிடைக்க வழி பிறந்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர் பதிவைக் கட்டாயமாக்கினாலும், முகவர் என்பதற்கு அது தரும் வரையறை திட்டங்களில் நடக்கும் விற்பனையோடு நின்றுவிடுகிறது; வாடகைத் தரகர் அதற்கு வெளியே இருக்கிறார். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்து உரிமையாளர், வாடகைதாரர் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறதே தவிர, சாதியையோ இனத்தையோ காட்டி வீடு மறுப்பதைத் தடைசெய்யவில்லை.

ஆகவே தமிழ்நாட்டிற்கு வேண்டியவை இரண்டு: மலை நிலத்தைக் காக்கும் சட்டமன்றச் சட்டம் ஒன்று, வாடகைத் தரகரையும் பதிவுக்குள் கொணர்ந்து, பாகுபாடு காட்டினால் பதிவை நீக்கவும் இழப்பீடு விதிக்கவும் இடந்தரும் திருத்தம் மற்றொன்று. அவை வரும்வரை ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மனை பேச முற்படும் தரகர், பட்டா எவ்வகையினது, ஒப்படை நிபந்தனை யாது, வன உரிமையில் கிடைத்த நிலமா என்பனவற்றை முதலில் பார்ப்பதும், பவர் பத்திரமோ நீண்டகாலக் குத்தகையோ தடையைச் சுற்றிச் செல்லும் குறுக்குவழியாக வந்தால் அதற்குத் துணைபோக மறுப்பதும் தொழிலறத்தின் குறைந்தபட்சக் கடமை.