எடைபோட்டு விற்ற இயந்திரம்

பல்கலைக்கழகத்தில் லீனியர் புரோகிராமிங் படித்தபோது விரிவுரையாளர் ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னார்: டான்சிக். 1947, அமெரிக்கா, சிம்ப்ளெக்ஸ் முறை. பாடம் முடிந்தது. அதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே லெனின்கிராட்டில் லியோனிட் காண்டரோவிச் என்ற இளைஞர் ஓர் ஒட்டுப்பலகை நிறுவனத்துக்காக இதே வகைக் கணக்கைப் போட்டு, சின்னப் புத்தகமாகவும் வெளியிட்டிருந்தார். எனக்கு இது தெரியவந்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு, அதுவும் ஃபிரான்சிஸ் ஸ்பஃபோர்டின் 'ரெட் பிளென்டி' (2010) வழியாக.

அதை நாவல் என்று சொல்லவே கொஞ்சம் தயக்கம். நிஜ மனிதர்களும் கற்பனை மனிதர்களும் பக்கத்தில் பக்கத்தில் நடமாடுகிறார்கள். பின்னால் கத்தை கத்தையாகக் குறிப்புகள். களம் குருஷேவ் காலச் சோவியத் ஒன்றியம். 1980க்குள் கம்யூனிசத்தைக் கட்டிவிடுவோம் என்று 1961இல் கட்சி அறிவிக்கிறது. அந்த வாக்கைக் கணிதத்தால் காப்பாற்றிவிடலாம் என்று சிலர் உண்மையாகவே நம்புகிறார்கள்.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. காண்டரோவிச்சிடம் வந்த கேள்வி இதுதான்: எட்டு இயந்திரம், ஐந்து வகை மரம், எதை எதில் ஓட்டினால் உற்பத்தி அதிகமாகும்? விடையோடு கூடவே இன்னொன்றும் வந்தது. தட்டுப்பாடான ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அது இன்னும் ஓர் அலகு கிடைத்தால் உற்பத்தி எவ்வளவு கூடும் என்று சொல்லும் எண். நாங்கள் அதை நிழல் விலை என்று படித்தோம். சந்தையே இல்லாமல் விலை! ஒரு நாடு முழுவதற்கும் இதைப் போட்டால்?

நாவலின் மிகச் சிறந்த பகுதி இந்தக் கேள்விக்கு மறைமுகமாகப் பதில் சொல்கிறது. ஒரு விஸ்கோஸ் ஆலை. பழைய இயந்திரத்தை வைத்துக்கொண்டு இலக்கை எட்டவே முடியாது. நிர்வாகிகள் மூவர் கூடிப் பேசி, விபத்து மாதிரி ஜோடித்து அதை உடைக்கிறார்கள். புது மாடல் வரும் என்று கணக்கு. வந்து சேர ஒதுக்கப்பட்டதோ அதே பழைய மாடல். ஏன் என்று கண்டுபிடிக்க செகுஸ்கின் என்ற ஆளை அனுப்புகிறார்கள். நம்மூரில் 'கேபிள்' என்போமே, அதையே தொழிலாக வைத்திருப்பவர். குடித்து, குடிக்கவைத்து, கடைசியில் காரணத்தைக் கறந்துவிடுகிறார். இயந்திரத்துக்கு எடையை வைத்துத்தான் விலை. புது மாடல் எடை குறைவு, அதனால் விலையும் குறைவு. அதை விற்றால் தயாரிப்பு ஆலையின் விற்பனை இலக்கு அடிவாங்கும். அவ்வளவுதான். இந்தச் சங்கிலியில் ஒருவர்கூட முட்டாள் இல்லை. படித்தபோது சிரித்தேன், பிறகு எங்கள் தொழிற்சாலையில் மாதக் கடைசியில் கேபிஐக்காக நாங்கள் நிரப்பும் அட்டவணைகள் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

"இப்ப இருக்கிற கம்ப்யூட்டர் அப்பவே இருந்திருந்தா சோவியத் ஜெயிச்சிருக்கும்டா" என்பது என் நண்பன் ஒருவனின் நிரந்தர வாதம். இந்த அத்தியாயத்தைத்தான் அவனுக்கு அனுப்பினேன். கணினிக்குள் போகும் எண்ணைக் கொடுக்கிறவன், அந்த எண்ணால் பிழைக்கிறவன். இயந்திரம் விபத்தில் உடைந்தது என்று அவன் எழுதிக் கொடுத்தால் கணினிக்கும் அது விபத்துதான். ஹங்கேரியின் யானோஷ் கோர்நாய் 1950களிலேயே ஆலை நிர்வாகிகளை நேரில் பேட்டி கண்டு ஏறக்குறைய இதைத்தான் எழுதினார். ஸ்பஃபோர்ட் அதற்கு முகமும் வியர்வையும் கொடுக்கிறார்.

எனக்குக் குறையாகப் படுவது வேறு. 1962 ஜூன் 1 அன்று இறைச்சி, வெண்ணெய் விலையை அரசு உயர்த்துகிறது. பொருளாதாரப்படி அது சரியான விலை; விவசாயிக்குக் கொடுத்ததைவிடக் குறைவாக அரசு விற்றுக்கொண்டிருந்தது. நோவோசெர்காஸ்கில் அதே சமயம் ரயில் இன்ஜின் ஆலையில் கூலியும் குறைய, தொழிலாளிகள் வீதிக்கு வருகிறார்கள். மறுநாள் துப்பாக்கிச்சூடு. இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். உடல்களை ரகசியமாகப் புதைத்தார்கள். நாவல் இதை ஓர் இளம் கட்சி அலுவலரின் கண் வழியாகக் காட்டுகிறது. அவருடைய பயம் நமக்குப் புரிகிறது. ஆனால் அந்த விலையில் இறைச்சி வாங்க வேண்டியவர் கூட்டமாகவே நின்றுவிடுகிறார். காண்டரோவிச்சின் மனதுக்குள் அவ்வளவு பொறுமையாகப் போய்வந்த எழுத்தாளர் அந்த வீட்டுக்குள் மட்டும் போகவில்லை. விலையை அவர் தகவலாகப் புரிந்துகொள்கிறார். அதைக் கட்டிச் சாப்பிடுகிறவரின் பக்கத்திலிருந்து பார்ப்பது குறைவு.

இது சின்னக் குறை இல்லை. அந்தச் சூட்டுக்குப் பிறகு அரசுக் கடைகளில் இறைச்சி விலையைத் தொட 1991 வரை யாருக்கும் துணிச்சல் வரவில்லை. விலை அப்படியே நின்றது, இறைச்சிதான் கடையிலிருந்து காணாமல் போனது. 1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான விலைகளை ஒரேயடியாகத் திறந்துவிட்டார்கள். அந்த ஓர் ஆண்டில் விலைகள் ஏறக்குறைய 26 மடங்காகி, ஆயுள் முழுக்கச் சேர்த்த சேமிப்பு கரைந்துபோனது. இந்த முறையும் விலை பொருளாதாரப்படி சரிதான்!

நாவலோ 1968லேயே, பதவி இழந்த குருஷேவின் புலம்பலோடு முடிந்துவிடுகிறது. கனவு கண்டவர்களுக்கு அழகான இரங்கல் கிடைத்துவிட்டது. கடை வாசலில் நின்றவர்களின் குரலைக் கேட்க நான் ஸ்வெட்லானா அலெக்ஸீவிச்சிடம் போக வேண்டியிருந்தது.