ஆடலும் வெளியும்: இடைநிலை வகுப்புகளில் நடனம் பயிற்றல் பற்றிய ஒரு நோக்கு

ஆடற்கலை காலத்தையும் இடத்தையும் ஒருங்கே ஆளுங் கலையாகும். இவ்வுண்மையை எவரும் மறுப்பதில்லை. ஆயினும், ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள மாணாக்கர்க்கு எமது பாடசாலைகளில் நடனம் பயிற்றப்படும் முறையை நோக்குமிடத்து, காலம் கற்பிக்கப்படுகின்றது, இடம் கற்பிக்கப்படுவதில்லை என்றே பெரும்பாலும் கூறவேண்டியுள்ளது. தட்டுக்கழியின் ஓசைக்கு அடி பிசகிய பிள்ளை அக்கணமே திருத்தப்படுகின்றது. இடம் பிசகிய பிள்ளைக்கோ, வரிசையில் நில் என்னுங் கட்டளையொன்றே கிடைக்கின்றது. வரிசை, வெளியைப் பயன்படுத்தும் பல முறைகளுள் ஒன்றேயன்றி, அதுவே முழுமையும் ஆகாது.

இக்குறை தோன்றிய வழியை ஆராய்தல் தகும். பரத நாட்டியம் என இன்று வழங்குங் கலை, சதிர் எனப் பெயர்பெற்றிருந்த காலத்தில் பெரும்பாலும் ஒருவரே நின்றாடுங் கலையாயிருந்தது. பலர் கூடியாடும் நாட்டிய நாடகத்திற்கு அதனைப் பொருத்த முயன்றோர், மேடையில் பாத்திரங்களை நிறுத்தும் முறையைப் புதிதாகச் சிந்திக்க வேண்டியவராயினர். 1936 இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய உருக்குமிணி தேவி, 1944 இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றியபோது செய்த பணி இத்தகையதே. பாடசாலையிலோ அத்தகைய சிந்தனைக்கு இடம் வாய்க்கவில்லை. ஒருவர்க்குரிய பாடம் முப்பது பிள்ளைகளுக்கு ஒரே வேளையிற் கற்பிக்கப்படலாயிற்று. ஆசிரியர் முன்னே நின்றார்; பிள்ளைகள் வரிசைகளாயினர். கற்பித்தலின் வசதிக்காக ஏற்பட்ட ஒழுங்கு, நாளடைவில் கலையின் இலக்கணம்போல மாணாக்கர் உள்ளத்திற் பதிந்துவிட்டது.

இதனைப் பரதத்தின் குறையெனக் கருதுதல் தவறாகும். அடவுகளைக் கூர்ந்து நோக்குவார்க்கு அவற்றுள் அடங்கிய வெளியுணர்வு புலனாகும். தட்டடவில் ஆடுவோர் நின்ற இடத்தை விட்டு அகல்வதில்லை. நாட்டடவில் கால் நீண்டு பக்கத்தையும் முன்புறத்தையும் தொடுகின்றது. சறுக்கலடவில் உடல் முழுவதும் இடம் பெயர்கின்றது. மண்டியடவு நிலத்தை நாடுகின்றது; குதிப்பு வானை நாடுகின்றது; இரண்டிற்கும் நடுவே அரைமண்டி நிலைபெறுகின்றது. இவ்வாறு தாழ்வு, நடு, உயர்வு என்னும் மூன்று மட்டங்களும் பாடத்தினுள்ளேயே உள்ளன. அவற்றை எடுத்துக்காட்டிப் பெயரிட்டு வழங்காமையே எமது குறை.

பண்டைய நூலோர் இவ்விடயத்தில் எம்மினும் விழிப்புடையராயிருந்தனர். நாட்டிய சாத்திரம் நிலத்தை ஒட்டிய சாரிகள் பதினாறு, வான் நோக்கிய சாரிகள் பதினாறு என வகுத்ததோடு, அரங்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, பாத்திரம் ஒரு பகுதியினின்று சுற்றி நடந்து மற்றொன்றை அடைந்தால் வேற்றிடம் சேர்ந்ததாகக் கொள்ளும் மரபையும் விதிக்கின்றது. நாலடி நடையில் ஒரு நாட்டைக் கடக்கலாம் என்பது இதன் கருத்து. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையோ, மாதவியின் ஆடலைக் கூறுமுன் அவள் ஆடிய அரங்கை அளந்து காட்டுகின்றது. 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையது அவ்வரங்கு. புகவும் வெளிப்போகவும் இரு வாயில்கள் அதற்கு உண்டு. ஆடுவோர்க்குத் தாம் ஆடும் இடத்தின் அளவு தெரிந்திருத்தல் வேண்டும் என்பது இளங்கோவடிகள் எமக்கு வைத்துச் சென்ற பாடமெனலாம்.

எமது நாட்டிலேயே இதற்கு உயிருள்ள சான்று ஒன்று உண்டு. மட்டக்களப்புக் கூத்துமரபில் ஆடுகளம் வட்டக்களரியாகும். சுற்றிலும் மக்கள் அமர்ந்திருப்பர். அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் களரியிலேயே இருப்பர். ஆங்கு முன்வரிசையும் இல்லை, பின்வரிசையும் இல்லை. கூத்தர் ஒருபுறத்தார்க்கு முதுகு காட்டும் அதே வேளையில் மறுபுறத்தார்க்கு முகம் காட்டுவர். ஆதலின் முதுகும் பேசவேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) முதலிய கூத்துக்களைச் செம்மைப்படுத்திப் படச்சட்ட மேடையில் ஏற்றியமை, படித்தோர் கூத்தை மதிக்கச் செய்த பெரும்பணியாகும். அப்பணியின் சிறப்பை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும், வட்டமாயிருந்த வெளி அங்கு ஒருமுகமாயிற்று என்பதும் உண்மையே. பல்கலைக்கழக மேடைக்கு வேண்டியிருந்த அம்மாற்றம் பாடசாலை வகுப்பறைக்கு வேண்டுவதன்று. வகுப்பறையில் திரையும் இல்லை. சீட்டு வாங்கியோரும் இல்லை. ஆங்கு வட்டத்தைக் கைவிடுதற்கு யாதொரு காரணமும் இல்லை.

மேனாட்டில் இத்துறையை ஒழுங்குபட ஆராய்ந்தவர் றூடோல்வ் லாபன் (1879 – 1958) ஆவர். 1948 இல் வெளிவந்த அவரது கல்விசார் நடனம் பற்றிய நூல் இங்கிலாந்துப் பாடசாலைகளிற் பெருஞ் செல்வாக்குப் பெற்றது. நின்ற இடத்தினின்று கைகால்கள் எட்டுமளவும் ஒவ்வொருவரையுஞ் சூழ்ந்துள்ள தன்வெளி வேறு, யாவர்க்கும் உரிய பொதுவெளி வேறு என அவர் பகுத்தார். இப்பகுப்பு எமது கலைக்கு அந்நியமானதன்று. தட்டடவு தன்வெளியில் நிகழ்வது. சறுக்கல் பொதுவெளியை நாடுவது. அவரிடம் யாம் கொள்ளத்தக்கது அவரது ஆட்டமன்று, பயிற்றும் வரன்முறையேயாம்.

அவ்வரன்முறையை எமது வகுப்பிற்கு ஏற்ப இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம். முதலிற் பிள்ளைகள் அடி பெயராது நின்று, மேலும் கீழும் பக்கமும் பின்னும் கைகளால் தம் வெளியின் எல்லையைத் தேடுக. அடுத்து, மத்தள ஒலிக்கு ஒருவரையொருவர் முட்டாது நடந்து, ஒலி நின்றவிடத்து நின்று, வெறுமையாய்க் கிடக்கும் இடம் யாதெனக் கண்டு அதனை நிரப்புக. பின்னர், கற்ற அடவொன்றையே நான்கு திசையும் நோக்கி ஆடுக. நேர்கோட்டிலும், வட்டத்திலும், எட்டு என்னும் இலக்கத்தின் வடிவிலும் அதனைக் கொண்டு செல்லுக. ஈற்றில், வகுப்பிற் பாதியர் சுற்றிலும் அமர்ந்து காண, ஏனையோர் நடுவில் ஆடுக. ஆசிரியர் ஒரு திசையிலேயே நில்லாது இடம் மாறி நிற்பாராயின் முன்வரிசை என்பது தானே மறைந்துவிடும்.

நேரம் போதாது, மண்டபம் இல்லை என்பார் உளர். மேசைகளை ஒதுக்கிய வகுப்பறையின் நெருக்கமே இப்பாடத்திற்கு ஏற்ற களம். இடம் குறைந்தவிடத்தேதான் இடத்தின் அருமை விளங்கும். பாடத்திட்டத்திற் புதிதாக ஒன்றையுஞ் சேர்க்கவேண்டியதில்லை. உள்ள அடவுகளையே வேறு திசைகளில் ஆடச்செய்தல் போதும்.

பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பருவம் உடல் விரைந்து வளரும் பருவம். தன் கைகால்களின் நீளமே பிள்ளைக்குப் புதிதாகத் தோன்றும். நாணம் வந்து தோள்களைக் குறுக்கும். பெண்பிள்ளைகளுக்கு ஒடுங்கி நில், மெல்ல நட என்று வீடும் வீதியும் ஓயாது கூறும் வயதும் அதுவே. அவ்வேளையில் நடன வகுப்பும் அவர்களைக் கோட்டில் ஒடுக்குமாயின், கை விரித்து நிற்பதற்கு அவர்களுக்கு வேறெங்கு இடமுண்டு? பின்வரிசையில் நிறுத்தப்பட்ட பிள்ளை ஆண்டு முழுவதும் மற்றொரு பிள்ளையின் பின்னலையே பார்த்து ஆடுகின்றது. தன் இடம் எஞ்சிய இடமென்றே அது கற்கின்றது. தாளத்தைப் பிழையின்றிக் கற்றாலும் அப்பிள்ளை ஆடலைக் கற்றதாகாது.

தன் இடத்தை அச்சமின்றி நிரப்பவும், பிறர் இடத்தை மதித்து விலகவும் பழகுதல் ஆடலுக்கு மட்டும் உரியதன்று. பலர் கூடி வாழ்தற்கும் உரியது. அதனைச் சொல்லாற் கற்பிக்கும் பாடங்கள் பல. உடலாற் கற்பிக்கவல்ல பாடம் இஃதொன்றே. ஆதலின், நடனம் பயிற்றும் ஆசிரியர்கள் தாளத்திற்கு அளிக்கும் மதிப்பை வெளிக்கும் அளித்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.